எலும்புக் கணக்கு

இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு நாற்பது கிர்ஷ். மூன்றாவது ஞாயிறு பூசையில், நன்மை கொடுத்து முடிந்து, பெண்கள் பக்கம் சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், கங்காணி ஸிதாரூஸ் எழுந்து நின்று சொன்ன தொகை அது.

கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோலத்தான், அஸ்வானுக்கு வடக்கே இருக்கிற எங்கள் கரும்பு ஊரில் மிஷனுக்குப் போகிற சிஸ்டர்மார்கள் பேரிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இவர்கள் மூன்று பேரும் சூடானின் தெற்குக் கோடியில் ஜூபாவுக்கு மருந்துக்கூடம் வைக்கப் போகிறார்கள், இவர்கள் கடன் பட்டிருந்தாலோ வாக்கு மீறியிருந்தாலோ அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் வாசிப்பார். முதல் ஞாயிறு யாரும் பேசவில்லை. இரண்டாம் ஞாயிறு ஒரு குழந்தை தும்மியது. மூன்றாம் ஞாயிறு கங்காணி பேசினான்.

"சாமி, எனக்கு ஒரு சொல்லு இருக்கு. கடைசியா வாசிச்சீங்களே சிஸ்டர் வெரீனான்னு, அது உங்க மடத்துப் பேரு. என் நோட்டுல அவ பேரு இன்சாஃப். கத்தாஸ் மக. பதினோரு வயசுல அவ அப்பன் அவ கை மேல பதினெட்டு பவுண்டு முன்பணம் வாங்கினான். ஆறு வருசம் வேலை செஞ்சா. தின்ன ரொட்டி, உடைச்ச மண்வெட்டி, வராத நாளு, எல்லாம் எழுதியிருக்கேன். ஓடிப் போனப்ப நாப்பத்தி ஒண்ணு. இப்ப இருநூத்திப் பன்னிரண்டு, நாப்பது கிர்ஷ்."

ஆண்கள் பக்கம் தூணுக்கு அருகே உட்கார்ந்திருந்த ஃபானூஸுக்குக் காதுக்குள் கரும்பு ரயில் ஓடியது. இன்சாஃப் அவன் தங்கை. அந்தப் பதினெட்டு பவுண்டில்தான் அப்பனுக்கு வயிற்று ரத்தப்போக்குக்கு வைத்தியம் நடந்தது. மிச்சத்தில் இவனுக்குக் கல்யாணம் நடந்தது. கங்காணி அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இவன் பக்கம் ஒரு பார்வை மட்டும் பார்த்தான். அது போதுமாயிருந்தது.

எப்படி எழுந்தான், எத்தனை பேரைத் தாண்டினான் என்று ஃபானூஸுக்குப் பின்னால் நினைவில்லை. கங்காணியின் கழுத்துத்துணி அவன் கையில் இருந்தது. கங்காணியின் மண்டை பெஞ்சின் முதுகில் இரண்டு தடவை மோதியது. மூன்றாவது தடவைக்குள், வயலில் கம்பு பிடிக்கிற மேஸ்திரி வானிஸ் பின்னாலிருந்து முழங்கையைச் சுழற்றி இவன் தாடையில் வைத்தான். மெழுகுவர்த்தித் தட்டு கவிழ்ந்து மணல் கொட்டியது. பீடத்தின் முன்னால் ஃபானூஸ் ரத்தம் துப்பினான். கடைவாய்ப்பல் ஒன்று குறுக்கே பிளந்து நின்றது.

"கோயில்ல ரத்தம் சிந்திட்டானே பாவி" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. அது அவன் பெண்டாட்டி வர்தாவின் குரல்.

மறுநாள் விடிவதற்குள் தாடை பூசணிக்காய் ஆகிவிட்டது. வர்தா வெயிலில் பொங்க வைத்துச் சுட்ட ரொட்டியைக் கருப்பு வெல்லப்பாகில் ஊறவைத்துக் கொடுத்தாள். அதைக்கூட அவனால் மெல்ல முடியவில்லை.

"போ, உன் தங்கச்சிகிட்டயே போ. ஊருல பல்லு வச்சிருக்கிற அத்தனை பேர் பல்லையும் பிடுங்கிட்டா, உன்னுது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் வர்தா. "போறப்ப கேளு. அவ கப்பலேறிப் போயிட்டா அந்தக் கடன் யார் தலையில விழும்னு கேளு. நமக்கும் ஒரு பொம்பளைப் புள்ளை இருக்கு. அவளுக்கும் பதினோரு வயசாகுது."

"வாயை மூடு."

"நான் மூடுறேன். கங்காணி மூடுவானா?"

மடத்தின் பின்கட்டில் இரண்டு மாதமாக வேறு வேலையே கிடையாது. ஜூபாவில் பல் டாக்டர் இல்லை, மெக்கானிக் இல்லை, கசாப்புக்காரன்கூட இல்லை என்று கடிதம் வந்திருந்தது. அதனால் மூன்று சிஸ்டர்களும் எல்லாவற்றையும் பழகினார்கள். ஆட்டை மூன்று மூச்சில் அறுத்து உரித்தார்கள். உரித்த தோலைக் கத்தியால் கிழித்து, ஊசி நூலால் மனிதத்தோலைத் தைப்பதுபோல் தைத்தார்கள். சிஸ்டர் தக்லா மடத்து வண்டியின் எஞ்சினைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, திரும்பச் சேர்க்கையில் இரண்டு ஆணி மிச்சமாகி நின்று அழுதாள். அந்த நாட்டுப் பேச்சில் இருநூறு சொல் மனப்பாடம் பண்ணினார்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, பயப்படாதே.

இன்சாஃப் அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்துத் தலையைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். தக்லா கண்ணாடியால் வெயிலை வாய்க்குள் அடித்தாள். மதர் ஒலிம்பியா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அலெக்சாண்டிரியாக்காரி, கடலோர ஊரில் பெரிய வீட்டில் பிறந்தவர், பேச்சில் மண் ஒட்டாது.

"வேரோடு வரணும், சிஸ்டர். துண்டு நின்றால் சீழ் வைக்கும்."

"தெரியுது மதர். அண்ணே, மருந்து ஊசி நாலுதான் இருக்கு, அது ஜூபாவுக்கு. உனக்குக் கிடையாது. கத்துனா கத்திக்கோ."

இடுக்கி பல்லைக் கவ்வியது. ஃபானூஸ் பேசத்தான் வந்திருந்தான், வாய் திறந்தபடி இருந்ததால் தங்கைதான் பேசினாள்.

"எதுக்கு அவன் மேல பாஞ்ச? கோயில்ல வச்சு. இப்ப ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, கத்தாஸ் வீட்டுல பதில் இல்லைன்னு. பதில் இல்லாதவன்தானே அடிப்பான்."

"ஆ... ஆ..."

"எருமைக்கன்னை விக்கப் போறியா? அது பாதிதான் உன்னுது. வித்தாலும் எழுபது. மதர் தர்றேன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். அது ஜூபா சனங்களுக்குன்னு கூடையில பிச்சையெடுத்த காசு."

பல் முறுகியது. மண்டைக்குள் மரம் ஒடிவதுபோலக் கேட்டது. ஃபானூஸின் குதிகால் தரையைத் தேய்த்தது. அவள் முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றி, ஒரு திருகு திருகி இழுத்தாள். பல் மூன்று வேரோடும் வந்தது. ரத்தம் அவள் வெள்ளை முன்துணியில் கொட்டியது.

"அறுபத்து நான்காவது பல்" என்றார் மதர், கணக்கு வைத்திருந்தவர் போல. "சிஸ்டர், நான் சொல்வதைக் கேளுங்கள். கடனோடு யாரும் போக முடியாது, அது சட்டம், நான் போட்டதல்ல. கோர்ட்டில் அவன் கணக்கு செல்லாது. மடத்தில் செல்லும், கோயிலில் வைத்துச் சொல்லிவிட்டான். சனிக்கிழமை ரயில், திங்கட்கிழமை அஸ்வானில் கப்பல். விட்டால் அனுமதிக் காகிதம் காலாவதி. இன்னொரு தடவை சூடான்காரர்கள் தருவார்களா என்பது தெரியாது. காசைக் கொடுத்து முடித்துவிடலாம்."

ஃபானூஸ் வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு தலையாட்டினான். "வாங்க மாட்டான் மதர். உங்களுக்குத் தெரியாது. முன்பணம் காசா கொடுக்கிறது, கையா திருப்பி வாங்குறது. காசா வாங்கிட்டான்னா நாளைக்கு நாப்பது பேரு எங்கயாவது கடன் வாங்கிட்டு வந்து வீசிட்டுப் போயிருவானுங்க. அப்புறம் கரும்பை யாரு வெட்டுவா? நாங்க பாத்ததே இல்ல, ஒருத்தன் காசு கொடுத்துப் பேரை அடிச்சதை."

"பிறகு எப்படித்தான் தீரும்?"

"உழைச்சுத் தீரும். செத்தாத் தீரும்."

அவன் மூன்றாவதைச் சொல்லவில்லை. இன்சாஃப் இடுக்கியைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். "எலும்பு."

கால்வாய் தோண்டிய காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. கங்காணி ஆளைக் கம்பால் அடிக்கலாம். ஆனால் கம்பு பட்டு ஆளின் எலும்பு முறிந்தால், அவன் பேரில் உள்ள பக்கம் முழுதும் கோடு போட்டு அடிபட்டுப் போகும். கம்புக்குக் கடிவாளமாகத்தான் பழைய ஆட்கள் அதைப் போராடி வாங்கினார்கள். ஆனால் கடன் கழுத்துவரை வந்தவன் வேண்டுமென்றே வம்பிழுத்து, கம்பு இறங்குகிற நேரத்தில் கையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு கங்காணிகள் உஷாரானார்கள். சதையில் மட்டும் அடிக்கத் தெரிந்தவனைத்தான் மேஸ்திரியாக வைப்பார்கள். பிட்டம், தொடை, முதுகின் தடித்த இடம். வானிஸ் அதில் கெட்டிக்காரன். பதினைந்து வருசத்தில் ஒரு எலும்பும் அவன் கம்பில் முறிந்ததில்லை.

செவ்வாய் விடியலில் பனி கரும்புத் தோகையில் சொட்டிக்கொண்டிருந்தபோது இன்சாஃப் வயலுக்கு வந்தாள். சாம்பல் அங்கியை முழங்கால்வரை தூக்கிக் கட்டி, அதன்மேல் சாக்கைச் சுற்றியிருந்தாள். முக்காட்டின்மேல் வர்தாவின் பழைய துண்டு. கையில் அப்பனின் வெட்டுக்கத்தி. நாற்பது ஆட்களும் நெருப்பைச் சுற்றி டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்கள், கோயிலில் எழுந்து நிற்பதுபோல.

கங்காணி கழுதையைவிட்டு இறங்கினான். நெற்றியில் ஞாயிற்றுக்கிழமைக் கட்டு அப்படியே இருந்தது.

"வாங்க சிஸ்டர். பூசை வைக்க வந்தீங்களா?"

"கை கேட்டியே மல்லிம். கொண்டாந்திருக்கேன்." மல்லிம் என்றுதான் ஆட்கள் எல்லாரும் கங்காணியைக் கூப்பிடுவார்கள்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு கணக்குப் போட்டான், சிரிப்பு இன்னும் நன்றாக வந்தது. "நாளைக்கு அறுபது கிர்ஷ். முன்னூத்தி அம்பத்தி நாலு நாளு. அடுத்த வருசம் இதே குளிருல முடிச்சுட்டுப் போகலாம். உக்காந்து வெட்டு, நின்னு வெட்டு, செபமாலை சொல்லிக்கிட்டு வெட்டு."

அவள் வரிசையில் இறங்கினாள். பதினெட்டு வருசமாகக் கத்தி பிடிக்காத கை, ஆனாலும் மறக்கவில்லை. இடது கையால் தட்டையை வளைத்து, அடிக்கட்டையில் ஒரு வெட்டு, தோகையைக் கத்தியின் கொக்கியால் உரித்து, கொண்டையைச் சீவி, பக்கவாட்டில் வீசி. பத்து மணிக்குள் தோகையின் விளிம்பு அவள் முகத்தையும் கழுத்தையும் நூறு கோடாகக் கீறிவிட்டது. வேர்வை பட்டு எரிந்திருக்கும். பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த ஃபானூஸ் தன் வரிசையை முடித்து அவள் வரிசையில் நுழைந்தான்.

"உன் வேலையைப் பாரு அண்ணே."

"கையெல்லாம் கொப்புளம். இதை வச்சுக்கிட்டு எப்படி ஊசி போடுவ?"

"ஊசி போடுறது வலது கை. இது ரெண்டு கையும். நீ தள்ளு."

கங்காணி நெருப்பருகே வானிஸிடம் சொன்னது நாற்பது பேருக்கும் கேட்டது. கேட்கத்தான் சொன்னான். "அவ எதுக்கு வந்திருக்கான்னு எனக்குத் தெரியும். கத்தாஸ் ரத்தம். அவ அப்பன் என் அப்பன்கிட்ட கையைக் கொடுத்துத்தான் கணக்கை முடிச்சான். வானிஸு, அவ மேல கம்போட நிழல்கூட விழக்கூடாது. விழுந்தா உன் பேருல இருக்கிற தொண்ணூறு பவுண்டு கடன் நூத்தி எண்பது ஆயிரும்."

புதன்கிழமை அவள் வம்பிழுத்துப் பார்த்தாள். சர்க்கரை அடிக்கட்டையில்தான் இருக்கிறது. ஒரு சாண் உயரம் விட்டு வெட்டினால் ஐந்து கம்படி என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அவள் வேண்டுமென்றே ஒரு சாண் விட்டு வெட்டிக்கொண்டே போனாள். கட்டைகள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நின்றன. வானிஸ் வந்து பார்த்தான். கம்பைக் கையில் உருட்டினான். அவள் நிமிர்ந்து, கத்தியைக் கீழே போட்டு, இடது கையைச் சற்று முன்னால் வைத்து நின்றாள்.

வானிஸ் அவளைத் தாண்டிப் போனான். அடுத்த வரிசையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்த கிழவன் ஹபஷியின் முதுகில் கம்பு இறங்கியது. ஒன்று. கிழவன் கரும்புக்குள் விழுந்தான். இரண்டு, மூன்று. தொடையில் நான்கு. ஐந்தாவதுக்குக் கிழவன் வாயில் மண்ணை நிறைத்துக்கொண்டான், கத்தாமல் இருக்க.

"அவரு என்ன செஞ்சாரு?" என்று கத்தினாள் இன்சாஃப். "நான் வெட்டினேன், நான்!"

"பக்கத்து வரிசைக்காரன் சொல்லிக் கொடுக்கணும் சிஸ்டர்" என்றான் வானிஸ், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீங்க இன்னொரு கட்டை விட்டா இன்னொரு அஞ்சு. கங்காணி உத்தரவு."

அவள் மண்டியிட்டு, தான் விட்ட கட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையோடு தரையாக வெட்டினாள். மாலைவரை அதைத்தான் செய்தாள். ஹபஷியின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டதை உப்புத்தண்ணீர் விட்டுப் பிரித்து எடுத்தாள். கிழவன் கேட்டான், "ஏம்மா, அந்த ஊருல கரும்பு உண்டா?"

"தெரியலை தாத்தா."

"இல்லைன்னா நல்ல ஊருதான். போ. எப்படியாவது போயிரு."

வியாழன் மத்தியானம் ரொட்டிக்கு விட்ட நேரத்தில் ஃபானூஸ் கால்வாய்க் கரையில் வானிஸைப் பிடித்தான். இருவரும் ஒரே வயசு, சின்னதில் ஒரே கோவணத்தில் குளித்தவர்கள். வானிஸ் வெங்காயத்தைக் கையால் குத்தி உடைத்து, பழைய உப்புப் பாலாடைக்கட்டியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். பாதியை நீட்டினான்.

"பல்லு இல்லை. நீதான் எடுத்துட்டியே."

"கோயில்ல கொலை விழுந்துறக் கூடாதுன்னு கொடுத்தேன். வலிக்குதா?"

"வானிஸு, ஒரு அடி கேக்குறேன்."

வானிஸ் மெல்வதை நிறுத்தினான்.

"இடது கையில. முழங்கைக்குக் கீழ. ஒரே அடி. உனக்கு எலும்பு இருக்கிற இடம் தெரியும், இத்தனை வருசம் அதை விலக்கித்தானே அடிச்ச. ஒருநாள் விலக்காம அடி. உன் தொண்ணூறு நூத்தி எண்பது ஆனா நான் சேந்து உழைக்கிறேன். எழுதித் தர்றேன்."

"உனக்கு எழுதத் தெரியாதே."

"ரேகை வச்சுத் தர்றேன்டா."

வானிஸ் பாலாடைக்கட்டியை இலையில் வைத்துவிட்டுக் கையைத் தண்ணீரில் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான். "எங்கம்மா ரெண்டு கண்ணும் சீழ் வச்சுக் கிடந்தப்ப நாப்பது நாளு நடந்து வந்து மருந்து விட்டவடா அவ. அந்தக் கையை உடைக்கச் சொல்றே. உடைச்சுட்டு நான் எந்தக் கோயில்ல போய் நிப்பேன்? எங்கம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உனக்கு வேணும்னா உன்னை அடிக்கிறேன். சாகிற வரைக்கும் அடிக்கிறேன்."

"என் எலும்பு அவ கணக்குல செல்லாது."

"அப்ப போ. தங்கச்சி கையை உடைக்கச் சொல்லி வந்து நிக்கிறான் அண்ணன்காரன். தூ."

வெள்ளிக்கிழமை அம்ஷீர் மாதத்துக் காற்று கிளம்பிவிட்டது. பாலைவனத்து மண் வயலுக்குள் மஞ்சள் சுவராக நகர்ந்து வந்தது. கரும்பு ஏற்றிய ஒட்டகங்கள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தன. மறுநாள் நாலு மணிக்கு ரயில்.  இரண்டு பவுண்டு நாற்பது கிர்ஷ் வேலை முடியப் போகிறது, மீதி இருநூற்றுப் பத்து பவுண்டு இன்சாஃபின் முகத்தில் எழுதியிருந்தது. ஃபானூஸ் அதைப் பார்க்காமல் இருக்க வெறிபிடித்தவன்போல வெட்டினான்.

பதினோரு மணிக்கு மடத்து வண்டி மண்ணுக்குள்ளிருந்து வந்தது. தக்லா ஓட்டினாள். நிறுத்தத் தெரிந்த மாதிரிதான் வந்தாள், கடைசியில் தெரியவில்லை. அடுக்கி வைத்திருந்த கரும்புக் கட்டில் மோதி நின்றது. ஆட்கள் சிரித்தார்கள். மதர் ஒலிம்பியா இறங்கி, கைக்குட்டையில் முடிந்த பணத்தைப் பிடித்துக்கொண்டு நேரே கங்காணியிடம் நடந்தார். நாற்பது பேர் பார்க்க முடிச்சை அவிழ்த்தார்.

"இருநூற்றுப் பன்னிரண்டு. இதோ நாற்பது கிர்ஷ், சில்லறையாக. இது பிச்சைக்காசு இல்லை, என் அப்பா எனக்கு வைத்த நகையை நேற்று கூஸ் நகரில் விற்றேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பேரை அடியுங்கள்."

மதர் செய்த தப்பு அதுதான். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கங்காணியின் பெண்டாட்டி மூலமாகக் கொடுத்திருந்தால் ஒருவேளை உள்ளே ஏதாவது நடந்திருக்கும். ஆட்கள் முன்னால், ஒரு பொம்பளை, கையை நீட்டி, எண்ணிக்கொள் என்று சொன்னால், எந்தக் கங்காணி வாங்குவான்? கங்காணியின் முகம் கறுத்தது.

"மதர், உங்க ஊருல கையை விலைக்கு விப்பாங்களா இருக்கும். நான் காசு கொடுத்து கை வாங்கினவன். காசுக்குக் கையைத் திருப்பிக் கொடுக்கிறவன் இல்லை. இன்னைக்கு இவ போவா, நாளைக்கு நாப்பது பேரும் ஒரு நகை விக்கிற மதரைத் தேடிக்கிட்டு வருவானுங்க. எடுத்துட்டுப் போங்க."

"நீங்கள் கிறிஸ்தவர்தானா?"

கங்காணி ஒரு எட்டு முன்னால் வைத்தான். கழுதைச் சாட்டையின் பிடியால் மதரின் கையைத் தட்டிவிட்டான். நோட்டுகள் காற்றில் ஏறின. சில்லறை மண்ணில் சிதறியது. மதர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "ஏய்!" என்று நாற்பது தொண்டையிலிருந்து ஒரே சத்தம். ஆட்கள் கத்தியைப் போட்டுவிட்டு நோட்டைத் துரத்தினார்கள். வானிஸும் துரத்தினான், கம்பை வண்டிச் சக்கரத்தில் சாய்த்துவிட்டு, குனிந்து, ஒட்டகத்தின் காலடியில் போன ஐந்து பவுண்டு நோட்டின் பின்னால் ஓடினான்.

ஃபானூஸ் நோட்டைத் துரத்தவில்லை. அவன் தங்கையைப் பார்த்தான். அவள் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

கம்பு அவன் கைக்கு எப்படி வந்தது என்பது இந்தத் தடவை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. மூன்று எட்டு வைத்தான். எண்ணெய் ஊறி வழவழவென்று கனமாக இருந்தது. இன்சாஃப் இரண்டு கரும்புக் கட்டுக்கு நடுவே மண்டியிட்டு, இடது கையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலம்போலக் குறுக்கே வைத்தாள்.

"நடுவுல, அண்ணே. மூட்டுல வச்சுராதே, மூட்டு உடைஞ்சா ஒட்டாது. வலது கையை நான் முதுகுக்குப் பின்னால வச்சுக்கிறேன்."

"சிஸ்டர்! எழுந்திருங்கள், இது பாவம்!" மதர் ஓடிவந்தார். ஹபஷி கிழவன் குறுக்கே நின்றான். மதரைத் தொடக்கூடாது என்பதால் கைகளை விரித்துக்கொண்டு வெறுமனே நின்றான்.

முதல் அடியில் ஃபானூஸ் கண்ணை மூடிவிட்டான். கம்பு கையின் ஓரத்தில் வழுக்கித் தோலைக் கிழித்துக்கொண்டு கரும்பில் இறங்கியது. இன்சாஃப் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

"கண்ணைத் தொற! தொறந்து பாத்து அடி. இன்னொண்ணுதான் தாங்குவேன், மூணாவது வைக்க விட்டுராதே."

அவன் கண்ணைத் திறந்தான். அவளுடைய கை மெலிதாக, தோகைக் கீறலோடு, அவர்கள் அம்மாவின் கைபோல இருந்தது. கம்பைத் தலைக்கு மேல் தூக்கினான். கங்காணி "டேய், பிடிங்கடா அவனை" என்று கத்தியது கேட்டது. அடித்தான்.

நல்ல கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற சத்தம். கை நடுவில் மடங்கித் தொங்கியது. அவள் முன்னால் சரிந்து, கரும்புக் கட்டில் நெற்றியை மோதி, கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஃபானூஸ் கம்பைப் போட்டுவிட்டுத் தானே அடிபட்டவன்போல மண்ணில் உட்கார்ந்தான். மதர் ஹபஷியைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் கன்னத்தில், பல் போன பக்கமே பார்த்து, அறைந்தார். இன்னொன்று அறைந்தார். அவன் வாய் மறுபடி ரத்தமானது. அவன் முகத்தை விலக்கவில்லை.

"எலும்பு" என்றான் ஹபஷி. மெதுவாகத்தான் சொன்னான். "எலும்பு, எலும்பு" என்று பின்னாலிருந்து எல்லாரும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கங்காணி சாட்டையை உதறினான். "என்னடா எலும்பு? அடிச்சது அவ அண்ணன். வீட்டுச் சண்டை. இது செல்லாது!"

"கம்பு யாரு கம்பு மல்லிம்?"

"கம்பு என் கம்பு. கை அவன் கை!"

"வழக்கத்துல கையைப் பத்திப் பேச்சே இல்லை" என்றான் ஹபஷி. "கம்பு பட்டு எலும்பு முறிஞ்சான்னுதான் இருக்கு. உங்கப்பா முன்னாலதான் பேசி வச்சோம். நான் இருந்தேன்."

"வானிஸு, நீ சொல்லு. கம்பு உன் கையிலயா இருந்துச்சு?"

வானிஸ் ஒட்டகத்தின் பக்கத்தில் ஐந்து பவுண்டு நோட்டோடு நின்றான். இன்சாஃபின் தொங்குகிற கையைப் பார்த்தான். மண்ணில் கிடந்த கம்பைப் பார்த்தான். நோட்டை மதரின் கையில் வைத்துவிட்டு, கம்பை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"என் கம்பு. என் வேலை நேரம். நான் அடிச்சதுன்னே எழுதிக்கோங்க."

சாட்டை வானிஸின் முகத்தில் குறுக்கே விழுந்தது. புருவம் பிளந்து கண் ரத்தத்தில் மூழ்கியது. இரண்டாவது தடவை சாட்டை உயர்ந்தபோது அது இறங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து நுனியைப் பிடித்திருந்தார்கள். நோட்டைத் துரத்தப் போட்ட வெட்டுக்கத்திகளை ஆட்கள் ஒவ்வொருவராகக் குனிந்து எடுத்தார்கள். யாரும் ஓங்கவில்லை. தொங்கவிட்ட கையில் பிடித்துக்கொண்டு நெருங்கி வந்தார்கள், வேலைக்கு வருகிறவர்கள்போல. கழுதை பயந்து கயிற்றை இழுத்தது. ஒருவன் கங்காணியின் கழுத்துத்துணியைப் பிடித்து முறுக்கினான், இன்னொருவன் முழங்காலுக்குப் பின்னால் உதைத்தான். கங்காணி மண்டியிட்டான். நெற்றிக் கட்டு அவிழ்ந்து பழைய காயம் திறந்துகொண்டது.

"கொல்லாதீங்க" என்று கரும்புக் கட்டிலிருந்து இன்சாஃப் சொன்னாள். அவள் முகம் சாம்பலாக இருந்தது. "கொன்னா கோடு யாரு போடுவா? விடுங்க. அண்ணே, அழுறதை அப்புறம் அழலாம், இங்க வா. ரெண்டு கரும்பை நெடுக்கப் பொளந்து கொண்டா. சாறு வழியிறதைத் துடைச்சுக் கொண்டா, எறும்பு வரும். தக்லா, நீ கையை இழுத்துப் பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாதே. இதுவும் படிப்புத்தான், ஜூபாவுல வரும்."

தக்லா அழுதுகொண்டே இழுத்தாள். எலும்பு இடத்துக்கு வருகிறபோது இன்சாஃப் ஒரு தடவை கத்தினாள். அது வயலுக்கு அப்பால் ரயில் பாதைவரை போயிருக்கும். ஃபானூஸ் பிளந்த கரும்பை இருபுறமும் வைத்தான். கட்டுவதற்குத் துணி தேடினார்கள். மதர் ஒலிம்பியா தன் முக்காட்டைக் கழற்றினார். நரைத்த, ஒட்ட வெட்டிய தலை காற்றில் தெரிந்தது. ஊர் ஆண்கள் யாரும் அதுவரை பார்க்காதது. எல்லாரும் குனிந்துகொண்டார்கள். அவர் பல்லால் ஓரத்தைக் கடித்து முக்காட்டை மூன்றாகக் கிழித்தார்.

"இதை நான் மன்னிக்க மாட்டேன்" என்றார், கட்டிக்கொண்டே. "உங்களையும்தான் சிஸ்டர், உங்கள் அண்ணனையும்தான். மன்னிப்பு சாமியார் வேலை. நாளை நாலு மணிக்கு ரயில். கார்ட்டூமில் எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், கடிதம் தருகிறேன். காய்ச்சல் வந்தால் அஸ்வானில் கப்பலேறக் கூடாது."

"சரி மதர்."

கங்காணி கணக்கு நோட்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தான். ஆட்கள் சுற்றி நின்றார்கள். காற்று ஏடுகளைப் புரட்டிக்கொண்டே இருந்ததால் வானிஸ் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ரத்தக்கையால் நோட்டின் ஓரத்தை அழுத்திப் பிடித்தான். கங்காணி காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.

"பென்சில் வேண்டாம்" என்றாள் இன்சாஃப்.

மதர் பையிலிருந்து பேனாவைக் கொடுத்தார். கங்காணி வாங்கினான். நாற்பது பேரில் படிக்கத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அதனால் இன்சாஃபைத் தூக்கி நிறுத்தி, ஒருபக்கம் ஃபானூஸும் ஒருபக்கம் தக்லாவும் தாங்கிக்கொண்டு அருகில் கொண்டுபோனார்கள். அவள் குனிந்து வாசித்தாள், உதடு அசைய, மேலிருந்து கீழே. பதினெட்டு பவுண்டு, கத்தாஸின் ரேகை. ரொட்டி, மண்வெட்டி, வராத நாள். இந்த நாலு நாள் வேலைக்கான கூலியை அவன் கழித்திருக்கவே இல்லை.

"இது என் பக்கம்தான்" என்றாள்.

கங்காணி பக்கத்தின் வலது மேல் மூலையில் பேனாவை வைத்து இடது கீழ் மூலைக்கு இழுத்தான். மண் தூள் மையில் ஒட்டிக்கொண்டு கோடு பாதியில் நின்றது. பேனாவை உதறி, விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுத்தான்.

"போட்டுட்டானா?" என்று கேட்டான் ஃபானூஸ்.

அவள் கடைசி வரிவரை பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டின் மேலும் நாற்பதின் மேலும் கோடு ஓடியிருந்தது.

"போட்டுட்டான் அண்ணே."